ஞாயிற்றுக்கிழமை இரைச்சல்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிட்டுத் திரும்புகிற மனிதர். அச்சில் வேறு பார்த்தால் என்ன ஆவாரோ. சிங்கப்பூரில் எங்கள் மாதா கோயிலில் அவரை யார்டுக்காரர் என்பார்கள், கப்பல் பட்டறையில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்ததால். நான் தம்பி என்றேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆளைத் தம்பி என்று கூப்பிட எனக்கு உரிமை இருந்தது. எனக்கு அப்போதே ஐம்பத்து மூன்று.

முதலில் பார்த்தது ஒரு டிசம்பர் ஞாயிறு. தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவள் நான். எழுந்தேற்ற நேரம். சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், மொத்தக் கோயிலும் முழந்தாளில் இருக்கிறது, ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த நேரம் பார்த்து என் ஸ்பீக்கர் ‘ஙொய்ய்ய்’ என்று ஆரம்பித்தது. இரண்டு வாரமாக இதே கதை. கொயரில் பாடுகிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ நானே வாயால் அந்தச் சத்தத்தைப் போடுவதுபோல. எனக்கு மானம் போயிற்று.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லாரும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருக்கையில், கடைசி பெஞ்சில் யார்டு ஆட்களோடு இருந்த ஒருவர் எழுந்து நடுவழியாக முன்னால் வந்தார். எனக்கோ சாமியாருக்கோ சமாதானம் சொல்லவில்லை. நேராகக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போனார், குனிந்தார், வைக்கோலுக்குள் கையை விட்டு எதையோ பிடுங்கினார். குடிலுக்கு மேலே மின்னிக்கொண்டிருந்த நட்சத்திரம் அணைந்தது. என் ஸ்பீக்கரும் வாயை மூடியது.

“யாருலா இந்த ஆளு? குழந்தை இயேசு வீட்டுல கரண்ட்ட புடுங்கறாரு!” என்று என் காதருகே சீறினாள் பிலோமினா. கொயரில் முதல் குரல் அவள். நான் குடியிருக்கும் கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கிலேயே நாலு மாடி கீழே இருப்பவள். அவளுக்குத் தெரியாமல் எங்கள் புளோக்கில் ஒரு செருப்பு இடம் மாறாது.

பூசை முடிந்ததும் அவரைப் பிடித்து நிறுத்தியவளும் அவள்தான். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம், “ஸ்டாருக்குப் போட்டிருக்க அடாப்டர் சரியில்லக்கா. உங்க கீபோர்டு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு வாரத்தில் என்னையும் என் கீபோர்டையும் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

அவர் இரைச்சல் தேடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். வலது கையை மார்பு உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு நிற்பார். அந்தக் கை மேலே இருக்கும்வரை யாரும் பேசக் கூடாது, நகரக் கூடாது, இருமக்கூட யோசிக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து கேட்ட சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார். அடியில் ‘ம்ம்ம்’ என்று இழுத்தால் எர்த் சரியில்லை. மேலே ‘கிர்ர்ர்’ என்றால் சார்ஜரோ லைட்டோ. அசைக்கும்போது மட்டும் ‘சடக் சடக்’ என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் அவ்வளவு அச்சாகப் போட்டுக் காட்டும்போது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் சொல்கிற மந்திரம் ஒன்றே ஒன்று. “ஒண்ணொண்ணா அணைங்க. எதை அணைச்சா நிக்குதோ, அதுதான்.”

வீட்டிலும் ஒரு கீபோர்டு வைத்திருக்கிறேன், ஒத்திகைக்கு. ஜனவரியில் அதுவும் கிர்ரென்றது. வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு, துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ரயிலேறி வந்து, செருப்பை வெளியே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு நின்றார். தோளில் ஒரு பை, அதில் பற்றவைக்கும் கம்பி, ஒரு சுருள் ஈயம், இடுக்கி. கொடுத்த காப்பியைத் தொடவில்லை. முதலில் கீபோர்டின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தார். இரைச்சல் அப்படியே இருந்தது. “அப்ப உள்ளேருந்து வரல” என்றார். பிறகு ஒயரைக் கீபோர்டிலிருந்து உருவினார். அப்போதும் இருந்தது. பிறகு வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். டிவி, மோடம், என் போன் சார்ஜர், ஃபிரிட்ஜ், கடைசியில் மின்விசிறி. ஸ்பீக்கர் மட்டும் உயிரோடு இருந்தது. கையைத் தூக்கினார்.

சிங்கப்பூரில் மத்தியானம் இரண்டரை மணிக்கு விசிறி இல்லாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எனக்கு முதுகில் வியர்வை ஓடுகிறது. கதவைத் திறந்து வைத்து இரும்புக் கிரில்லை மட்டும் சாத்தியிருந்தேன், தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் ஆம்பளை வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும், கீழே பிலோமினா இருக்கிறாள். “ரொம்ப நாளா இந்தத் துவாஸ்லதான் இருக்கீங்களா தம்பி?” என்று ஆரம்பித்தேன். விரித்த கை ஒரு அங்குலம் உயர்ந்தது. “பேசாதீங்கக்கா” என்று அர்த்தம்.

நான் பேசாமல் இருப்பதென்றால் சாதாரண விஷயமா? சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிற வேலை எனக்கு. காலை ஒன்பதிலிருந்து ஆறுவரை பேச்சுதான். கண்டெய்னர் எங்கே, பேப்பர் எங்கே, டிரைவர் எங்கே. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாருக்கும் நல்ல வாரயிறுதி சொல்லிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றுவேன். அதற்குப் பிறகு ஞாயிறு காலைப் பூசைவரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. யாரிடம் சொல்வது? ஐந்து வருடம் முன்னால் அம்மா இறந்தாள். அதுவரை அந்த வீட்டில் சண்டையாவது இருந்தது.

அன்றைக்கு அவர் கண்டுபிடித்தது ஒயரில்தான். “ஒயருக்கு மேல சுத்தியிருக்க வலை அந்துபோச்சுக்கா. வெளிய உள்ள சத்தமெல்லாம் அது வழியாத்தான் ஏறுது.” நுனியை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார். பிறகு என்னோடு உட்கார்ந்து சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டார். வேறு எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். சாப்பிடும்போது நாலு வாக்கியம் பேசினார். ஊர் தூத்துக்குடிப் பக்கம். இரண்டு பெண் பிள்ளைகள். கப்பலின் வயிற்றுக்குள் கேபிள் இழுக்கிற வேலை. குழம்பில் புளி கொஞ்சம் கூட.

அவர் போனபிறகு கீபோர்டைப் போட்டேன். சுத்தம். ஒரு சின்னக் கீச்சுக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், “மறுபடியும் வருது தம்பி” என்றேன். பொய். கோயில் வாசலில் நின்றுகொண்டு, மாதா சுரூபத்துக்கு நேர் எதிரே.

பொய் சொன்னால் போதுமா? சத்தம் வர வேண்டுமே. ஓட்டமாக வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் படாத பாடு பட்டேன். ஒழுங்காக இருக்கிற கீபோர்டில் இரைச்சல் வரவழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அன்றுதான் தெரிந்தது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கி மூலையில் போட்டிருந்த ஒரு மட்டமான சார்ஜர் கைகொடுத்தது. கீபோர்டு சொருகியிருக்கிற எக்ஸ்டென்ஷனிலேயே அதையும் சொருகி, ஸ்பீக்கர் ஒயரை அதன் மேலேயே சுருட்டிப் போட்டு, அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ‘கிர்ர்ர்’ என்று என்ன அழகாக வந்தது! சந்தோஷத்தில் கை தட்டினேன்.

இப்படி ஐந்து மாதம். வாராவாரம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது. ஒருநாள் அம்மாவின் பழைய படுக்கை விளக்கு. ஒருநாள் ஒயரின் மூடியைத் திருகித் தளர்த்தி வைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஞாயிறு மத்தியானம் வீட்டில் இன்னொரு ஆள். ஆனால் வந்த ஆள் என்னைப் பேச விட்டால்தானே! முதல் தடவை நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்தவர், போகப் போக ஒரு மணி, ஒன்றேகால் மணி என்று கையைத் தூக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். நான் எதிரே முக்காலியில் வாயைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருப்பேன். என் சாமர்த்தியம் கூடிவிட்டது, அதனால்தான் அவருக்கு நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

நடுவில் ஒருநாள் காத்தோங்கில் ஒரு மண்டபத்தில் எங்கள் கோயில் தம்பதி ஒன்றுக்கு வெள்ளி விழா. கொயரைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள், உதவிக்கு அவரையும் அழைத்துப் போனேன். மேடையில் இரைச்சல். அவர் போய் மைக்கைப் பிடித்து, “எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க” என்றார். கேக் வெட்டக் கத்தியோடு நிற்கிற மாப்பிள்ளை, பெண், முந்நூறு விருந்தாளிகள் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டாயிற்று. விழாக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் குனிந்து, கரண்ட் ஒயரோடு ஒட்டிக் கிடந்த ஸ்பீக்கர் ஒயரைப் பிரித்து, குறுக்கே போகும்படி தூக்கிப் போட்டார். இரைச்சல் நின்றது.

“பக்கத்துல பக்கத்துல படுக்கப் போட்டா ஒருத்தன் சத்தம் இன்னொருத்தனுக்கு ஏறிரும்கா” என்று திரும்பி வரும்போது பேருந்தில் விளக்கினார். அத்தனை பேர் கைதட்டினார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அந்த ரெண்டு நிமிஷம் நல்லாருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். இரைச்சலைப் பிடித்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் ஒயர் வாங்க வேண்டும் என்று லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஞாயிறு சாயங்காலத் தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் காலை வைக்க இடமில்லை. புல்லில், படிக்கட்டில், கடை வாசலில், எங்கே பார்த்தாலும் ஊர் ஆட்கள், எல்லார் கையிலும் போன், எல்லாரும் ஊருக்குக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும், யார் தோளாவது இடித்துக்கொண்டே இருக்கும். இவர் தோளைக் குறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். தே தாரிக் வாங்கிக்கொடுத்து உட்கார வைத்தேன்.

“இத்தனை பேர் உங்க ஊர் ஆளுங்க இருக்காங்க, யாரோடயும் ரெண்டு வார்த்தை பேசறதில்லையா தம்பி?”

“வாரம் பூரா இவங்ககூடத்தானக்கா படுத்து எந்திரிக்கேன்” என்றார். டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

மே மாதம் ஒரு ஞாயிறு, அம்மாவின் நினைவு நாள். காலையில் பூசைக்குக் காணிக்கை வைத்திருந்தேன். அன்று எனக்கு அம்மாவைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். அவள் கடைசி மாதம் என்னை அடையாளம் தெரியாமல் ‘மிஸ்ஸி’ என்று, ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டதை, நானும் சரி என்று மிஸ்ஸியாகவே அவளுக்குப் பதில் சொன்னதை. யாரிடமும் சொன்னதில்லை அதை. இரண்டு மணிக்கு அவர் வந்தார், எல்லாவற்றையும் அணைத்தார், சோபாவில் உட்கார்ந்தார், கையைத் தூக்கினார். அரை மணி நேரம் பொறுத்தேன். “தம்பி, இன்னைக்கு எங்கம்மா...” என்றேன். கை உயர்ந்தது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“போதும் தம்பி! அலமாரிக்குப் பின்னால சார்ஜர் இருக்குலா! நான்தான் சொருகி வச்சேன்! இன்னைக்கு மட்டுமில்ல, முதல் தடவைக்கு அப்புறம் எல்லாமே நான்தான்!”

அவர் கண்ணைத் திறந்தார். கை மெல்ல மடிமேல் இறங்கியது. “தெரியும்க்கா.”

“எப்போலேருந்து?”

“ரெண்டாவது தடவை வந்தப்பவே. உள்ள வந்து நின்னதும் கேட்டிருச்சு.”

“அப்புறம் எதுக்கு மணிக்கணக்கா கையத் தூக்கிட்டு உக்காந்திருந்தீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “ரூம்ல பதினாறு பேருக்கா. ஒருத்தன் படுத்தா ஒருத்தன் எந்திரிப்பான். யார்டுல பூரா நாள் கிரைண்டரு. லாரில ஏறுனா பாட்டு. வீட்டுக்காரி போன்ல ஏன் பேச மாட்டேங்கீங்கன்னு அழுதா, பதினஞ்சு பேரு கேக்கும்போது என்னத்தப் பேச? இங்க வந்தாத்தான்... ஒரு மணி நேரம் யாரும் இருக்க மாதிரியே இருக்காது.”

யாரும் இருக்க மாதிரியே இருக்காதாம். எதிரே முக்காலியில் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தேனே, அப்போ நான் யார்? ஐந்து மாதம் வஞ்சிரம் வாங்கி வாங்கிக் குழம்பு வைத்தவள். எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, எது எதற்கு முன்னால் வந்தது என்று தெரியவில்லை. “குழம்பு ஆறுது, சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சாப்பிடவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “மன்னிச்சிருங்கக்கா. நீங்க பேசுறதுக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க. நான் அதக் கேக்கவே இல்ல. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.” செருப்பை மாட்டுகிற சத்தம், லிஃப்ட் சத்தம். பிறகு வீடு பழையபடி ஆயிற்று. எல்லா சுவிட்சும் அணைந்தபடியே இருந்தன. இருட்டும்வரை நான் ஒன்றையும் போடவில்லை.

அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டினேன். கல்நெஞ்சன், நன்றி கெட்டவன், காது மட்டும் முளைத்த மனுஷன். போனில் கண்டெய்னரைப் பற்றிப் பேசிக்கொண்டே மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை வாக்கில் திட்டுவதற்குச் சொல் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஐந்து மாதம் அந்த மனிதர் என் எதிரே உட்கார்ந்து தனக்கு என்ன வேண்டும் என்று கையைத் தூக்கிச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்கும்தான் காது இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் அவர் என்னைத் தவிர்த்து ஒதுங்கிப் போகப் பார்த்தார். மறித்து நின்று, வீட்டு மாற்றுச் சாவியைக் கையில் திணித்தேன்.

“ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. எனக்கு வெளிய வேலை இருக்கு. சோறு மேசைல இருக்கும். வீட்டுக்குப் போன் பண்ணுங்க, தூங்குங்க, என்னமும் செய்யுங்க.”

“வேணாம்க்கா. நல்லாருக்காது.”

“வாங்கிக்கோங்க தம்பி. வீட்டச் சும்மா பூட்டி வைக்கறதுக்கா வாங்கினேன்?”

அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவருடைய வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகும்வரை, ஏழு மாதம் அந்தச் சாவி அவரிடம்தான் இருந்தது. உள்ளே என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், விசிறி நின்றிருக்கும். அவ்வளவுதான்.

சாவி கொடுத்த அந்த முதல் ஞாயிறைச் சொல்கிறேன். எனக்கு வெளியே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. ஒன்றேமுக்காலுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு இறங்கி, புளோக்குக்கு அடியில் இருக்கிற சிமெண்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். அவர் வருவதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்காதபடி தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். லிஃப்ட் என் வீடு இருக்கிற ஒன்பதாம் மாடியில் நின்றதை விளக்கு காட்டியது. வெயில் தரையில் மெதுவாக நகர்ந்தது. மூன்று மணிக்கு, இரண்டு கை நிறையப் பையோடு பிலோமினா வந்தாள்.

“என்னலா, இந்த வேகாத வெயில்ல இங்க உக்காந்திருக்க? வீட்டுக்குப் போகலயா?”

“வீட்டுல ஆள் இருக்கு.”

சொன்னபிறகுதான் கவனித்தேன். அம்மா போன ஐந்து வருடத்தில் இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிலோமினா பைகளைக் கீழே வைத்துவிட்டு, புருவத்தைத் தூக்கி, விவரம் கேட்கத் தோதாக எதிரே உட்கார்ந்தாள். எனக்கு விவரம் சொல்லத் தோன்றவில்லை.

“ஆள் இருக்குலா” என்றேன் மறுபடியும்.